ஆல்பார்ட் மதாமும் என் நாலு வசனமும்

ஒரே மாலையில் கல்யாணப் பெண்ணாகவும், அவளுடைய மாமியாராகவும், அந்த மாமியாரைக் குத்த வரும் கொள்ளைக்காரனாகவும் நடித்து, நடுவில் பாட்டும் பாடி, போகும் வழியில் மறுநாள் குழம்புக்குக் கத்தரிக்காயும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போன மனிதப் பிறவி புதுச்சேரியில் ஒருவர்தான் இருந்தார். மாமியாரைக் குத்துகிற இடத்தில் மட்டும் விளக்கை அணைத்துவிடுவோம். இருட்டில் அலறுவதும் அவர்தான், கொடூரமாகச் சிரிப்பதும் அவர்தான்.

அவரை ஆல்பார்ட் மதாம் என்போம். நாடகக்காரர்கள் பேச்சில் பார்ட் என்றால் வேஷம். அரசன் வேஷம் ராஜபார்ட், பெண் வேஷம் ஸ்திரீபார்ட், திருடன் வேஷம் கள்ளபார்ட். இவர் எல்லாவற்றையும் போட்டதால் ஆல்பார்ட். ‘மதாம்’ எங்கள் ஊர் கொடுத்தது. பிரெஞ்சுக்காரர்கள் போய்ப் பல வருஷம் ஆகியும், கொஞ்சம் மிடுக்காக நடக்கிற பெண்மணியை மதாம் என்று கூப்பிடுகிற வழக்கம் ஊரை விட்டுப் போகவில்லை. இவர் சாரம் பகுதியில் குடியிருந்த மில் தொழிலாளியின் மனைவி. ஆனால் நடை, கவர்னர் மாளிகைப் படியில் இறங்குகிற நடை. சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்கும். எங்களில் யாரும் அவருடைய ரேஷன் கார்டைப் பார்த்ததில்லை.

எழுபதுகளில் நான் ஓர் அரசு அலுவலகத்தில் குமாஸ்தா. தமிழில் எம்.ஏ., பிரெஞ்சும் ஓரளவு. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. இவ்வளவு படித்த ஒருவன் பிறகு எப்படி நடந்துகொண்டான் என்பது உங்களுக்கு விளங்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். எங்கள் மனமகிழ் மன்றம் அவ்வப்போது நாடகம் போடும். எழுதி இயக்குபவர் தலைமை எழுத்தர் அந்துவான். எங்களுக்கு அவர் மொசியே, மதாமுக்கு ஆண்பால். கதாநாயகன் நான். நடிப்புக்காக என்னைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஆபீஸிலேயே என்னிடம்தான் கோட் இருந்தது. மொசியே அதை மறைக்கவும் இல்லை.

“கோட்ட வேற யாருக்காவது குடுக்குறியா, இல்ல நீயே நடிச்சுத் தொலைக்கிறியா?”

நானே நடித்துத் தொலைத்தேன்.

ஆபீஸ் பெண்களை மேடையேற அவர்கள் வீட்டில் விடாத காலம் அது. அதனால் எந்த ஆபீஸ் நாடகமானாலும் பெண் வேஷத்துக்குத் தொழில் நடிகை ஒருவரை அழைத்து வருவார்கள். புதுச்சேரியில் அழைத்தால் வருவது ஆல்பார்ட் மதாம். ஒத்திகைக்கு ஒரே ஒரு நாள்தான் வருவார். கணவர் ஆறுமுகத்தின் சைக்கிள் கேரியரில் ஒருக்களித்து உட்கார்ந்து, மடியில் தகரப்பெட்டியோடு வந்து இறங்குவார். நாங்கள் நாடகத்தைப் படிப்போம். அவர் கண்ணை மூடிக்கொண்டு வெற்றிலை மெல்லுவார். தூங்குகிறார் என்று நினைப்போம். படித்து முடித்ததும் கண்ணைத் திறந்து, தன் வசனம், என் வசனம், வில்லன் வசனம், போஸ்ட்மேன் வந்து சொல்லும் ஒரே வார்த்தை எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லிவிட்டு, “மூணாவது சீன்ல அப்பாகாரரு இருமணும்னு எழுதியிருக்கீங்க, இருமலயே?” என்று கேட்பார்.

ஆறுமுகம் பேசமாட்டார். பேச வழியில்லை.

“சாப்டீங்களாண்ணே?” என்று அவரைக் கேட்டால் மதாம் சொல்வார்: “சாப்ட்டாரு. ரசத்துல உப்பு கம்மின்னாரு.”

“மில்லுல வேலையெல்லாம் எப்பிடிண்ணே?”

“முதுகு வலிக்குதாம்.”

ஆறுமுகம் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார். தன் முதுகு வலி தனக்கே அப்போதுதான் தெரிந்ததுபோல் சில சமயம் ஆச்சரியமாகவும் பார்ப்பார்.

வீட்டில் பழகிய இந்த வித்தைதான் மேடையில் எங்கள் உயிரைக் காப்பாற்றியது. குமாஸ்தாக்களுக்கு வசனம் நிற்காது. பக்கத் தட்டிக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக்கொடுக்க முதலில் மொசியே அந்துவானைத்தான் வைத்தோம். அவர் எடுத்துக்கொடுத்தது கடைசி வரிசைக்கும் கேட்டது. உணர்ச்சி மேலிட்டுத் தட்டிக்குப் பின்னாலேயே அழவும் செய்தார். ஜனங்கள் அங்கேயும் யாரோ நடிக்கிறார்கள் என்று நினைத்து எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். அதோடு அதை விட்டுவிட்டோம்.

அப்புறம் எல்லாம் மதாம் பொறுப்பு. நான் வசனம் மறந்து விழித்தால், என் கண்ணில் முழி மாறுவதற்குள் அவர் ஓரடி முன்னால் வருவார். கையை நெஞ்சில் வைத்துக்கொள்வார்.

“நீங்கள் சொல்ல வருவது எனக்குத் தெரியும் அத்தான்! ‘குடும்ப மானம் கொழுந்துவிட்டு எரியும்போது குளிர் காயச் சொல்கிறாயா?’ என்றுதானே கேட்கிறீர்கள்?”

நான் “ஆமாம்” என்பேன்.

அவர் அதற்குப் பதில் சொல்வார். பிறகு, “அதற்கு நீங்கள் என்ன சொல்வீர்கள் என்பதும் தெரியும்!” என்று அடுத்த வசனத்தையும் சொல்வார். நான் மறுபடி “ஆமாம்” என்பேன். என் நடிப்பில் அந்த ‘ஆமாம்’ ஊரில் பெரிதும் பாராட்டப்பட்டது. அளவாகப் பேசி ஆழமாக நடிக்கிறான் என்று எங்கள் மேலதிகாரியே சொன்னார். மதாமுக்குக் கிடைத்த பெயர் வேறு: “அந்தம்மா கொஞ்சம் வாயாடி. ஆனா நல்லா நடிக்குது.”

ஒரு நாடகத்தில் டைப்பிஸ்ட் ஒருவர் நீதிபதி. கூண்டில் மதாம், கொலைப் பழி சுமந்த அபலை. தீர்ப்பு சொல்ல எழுந்த நீதிபதி தீர்ப்பை மறந்துபோனார். சுத்தியலைத் தட்டினார். மறுபடி தட்டினார். மூன்றாம் முறை தட்டியபோது சுத்தியலின் தலை கழன்று வாத்தியக்காரர்கள் பக்கம் போனது. மதாம் கூண்டைப் பற்றிக்கொண்டு முழங்கினார்: “கனம் நீதிபதி அவர்களே, தாங்கள் சொல்ல வருவது தெரிகிறது! எனக்கு ஆயுள் தண்டனை! அதுதானே?”

டைப்பிஸ்ட் நன்றியோடு, “ஆமாம்மா” என்றார்.

நாடகத்தில் எழுதியிருந்தது விடுதலை. அடுத்த காட்சி அவருக்கும் எனக்கும் கல்யாணம். இடைவேளையில் மொசியே தலையில் அடித்துக்கொண்டார்.

“விடுதலைன்னு எழுதியிருக்கேனே மதாம்! நீங்களே உங்களுக்கு ஆயுள் தண்டனை குடுத்துக்கிட்டா என்னா அர்த்தம்?”

“விடுதலைன்னா சனம் எழுந்து வீட்டுக்குப் போயிடும் மொசியே. ஆயுள் தண்டனைன்னா அப்பிடியே ஒக்காந்திருக்கும். நீங்க எட்டிப் பாருங்க, ஒருத்தர் எழுந்திருச்சாங்களா?”

எட்டிப் பார்த்தோம். முறுக்கு விற்க வந்தவர்கூட உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். கல்யாணத்தைச் சிறைக்குள் வைத்தோம். கொலைப் பழி சொன்ன போலீஸ்காரரே மேளம் கொட்டினார்.

நாங்கள் நடித்த மண்டபத்தில் ஒரே மைக்தான். மேலேயிருந்து கயிற்றில் தொங்கும். அது தொங்கும் இடத்துக்கு நேர் கீழே மதாம் நிற்பார். அந்த இடத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்கமாட்டார். நான் ஜனங்களைப் பார்த்து நின்றால் அவர் எப்போதும் எனக்கு இடப் பக்கம். வசனம் மறந்தால் இடப் பக்கம் திரும்புவது எனக்கு உடம்போடு ஊறிப்போனது.

நாடகம் இல்லாத நாட்களில் பாட்டு. மாரியம்மன் கோயில் திருவிழா மெல்லிசைக் கச்சேரியிலும் பாடுவார், மாதா கோயில் திருநாளிலும் பாடுவார். ஆண் பாடகர் வராவிட்டால் ஜோடிப் பாட்டை ஒருவரே பாடுவார். வலப் பக்கம் திரும்பினால் ஆண், இடப் பக்கம் திரும்பினால் பெண். ஒருமுறை கழுத்து சுளுக்கிக்கொண்டு வலப் பக்கமே நின்றுவிட்டது. அன்று முழுக்கக் கதாநாயகன் தனியாகவே காதலித்தான்.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற சொல்தா ஒருவர் வீட்டுக் கல்யாணத்தில், பெரியவர் பிரெஞ்சுப் பாட்டு ஒன்று வேண்டும் என்று கேட்டுவிட்டார். மதாமுக்குத் தெரிந்த பிரெஞ்சு ‘போன்ழூர்’, ‘மெர்சி’. கண்ணை மூடினார். மூக்கைக் கொஞ்சம் அடைத்துக்கொண்டார். பாடினார். அப்படி ஒரு பாஷை உலகத்தில் எங்கும் கிடையாது. நடுநடுவே போன்ழூரும் மெர்சியும் வந்தன. கொஞ்ச நேரத்தில் பெரியவர் தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்தார். சைகோனில் அவருடைய பட்டாளத்துப் பையன்கள் பாடியது இதே பாட்டுதானாம்.

பிரெஞ்சு படித்தவன் என்ற திமிரில் பந்தியில் மதாமைக் கேட்டேன். “நீங்க பாடினதுக்கு என்னா மதாம் அர்த்தம்?”

“அழுதாருல்ல அத்தான்? அதான் அர்த்தம்” என்று சொல்லிவிட்டு அப்பளத்தை நொறுக்கினார்.

என்னை அத்தான் என்று கூப்பிடுவதைக் கவனித்திருப்பீர்கள். மேடையில் கூப்பிடுவதைக் கீழேயும் கூப்பிட்டால்தான் நாக்குக்குப் பழகும் என்பது அவர் கொள்கை. எனக்குக் கல்யாணமான புதிதில் மனைவியோடு பெரிய மார்க்கெட்டுக்குப் போயிருந்தேன். மீன் கடைப் பக்கமிருந்து, கடைசி வரிசைக்கும் கேட்கும் குரலில், “அத்தான்!” என்று ஓர் அழைப்பு.

“யாருங்க அது?” என்றாள் மனைவி.

“ஆபீஸ் நாடகத்துல நடிக்கிற அம்மா.”

“ஆபீஸ்ல எல்லாரையும் அத்தான்னுதான் கூப்புடுவாங்களா?”

அதற்குள் மதாம் கையில் சங்கரா மீனோடு வந்துவிட்டார். என் முழியைப் பார்த்தார். ஓரடி முன்னால் வந்தார். “அவரு சொல்ல வர்றது எனக்குத் தெரியும்மா. ‘நாடகத்துலதான் அத்தான், வூட்ல நீதான் எல்லாம்’னு சொல்ல வர்றாரு. வாய் வரல பாவம்.”

நான் “ஆமாம்” என்றேன். அன்றிலிருந்து என் மனைவி மதாம் கட்சி.

சினிமாதான் அவருடைய தீராத ஆசை. எங்கள் கடற்கரைச் சாலையைப் படம் பிடிக்க அடிக்கடி சினிமாக் கம்பெனிகள் வரும். மதாமும் போவார். எத்தனையோ படங்களில் நடித்தார். ஒன்றில் அவர் கை மட்டும் வந்தது, காபி டம்ளரை நீட்டும் கை. ஒன்றில் முதுகு. ஒன்றில் பிணம், தலை முதல் கால் வரை வெள்ளைத் துணி. பெயர் போன ஒரு கதாநாயகி மாடியிலிருந்து விழும்போது வந்த அலறல் இவருடையது. அந்தப் படத்துக்குத் தெருவையே அழைத்துப் போனார். அலறல் வந்தது. யாரும் நம்பவில்லை. உடனே எழுந்து நின்று, திரையில் கேட்டது போலவே இன்னொரு முறை அலறிக் காட்டினார். டார்ச் லைட்டோடு ஓடி வந்த தியேட்டர்க்காரரிடம் தெருவே சேர்ந்து மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று.

எழுபதுகளின் கடைசியில் ஒரு கம்பெனி வந்து ஊரில் தங்கியது. படத்தில் கதாநாயகியின் தாய் வேஷத்துக்கு ஒப்புக்கொண்ட நடிகை வரவில்லை. ஒரே காட்சிதான். ஆனால் தொட்டிலாட்டிக்கொண்டு தன் குரலிலேயே ஒரு தாலாட்டு முழுதாகப் பாட வேண்டும். முகம் திரை முழுக்கத் தெரியும். உள்ளூரில் பாடவும் நடிக்கவும் தெரிந்தவர் யார் என்று கம்பெனி மேனேஜர் விசாரித்தார். வெயிலோ நிழலோ, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாத மனிதர். எல்லாரும் ஒரே பெயரைச் சொன்னார்கள். “அடுத்த வாரம் அந்தம்மா நாடகம் இருக்காமே. வந்து பாத்துட்டு முடிவு பண்றேன்” என்றார்.

மறுநாள் மத்தியானம் மதாம் ஆபீஸுக்கு வந்தார். நான் டிபன் பெட்டியைத் திறந்து வைத்திருந்தேன். அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை.

“அத்தான், இந்த ஒரு தடவ நீங்க எனக்கு ஒரு உதவி பண்ணணும்.”

“சொல்லுங்க மதாம்.”

“கடைசி சீன்ல உங்களுக்கு நாலே நாலு வசனம். அத நீங்களே சொல்லிடுங்க. அது முடிஞ்சதும் என் தாலாட்டுப் பாட்டு. அந்தக் கண்ணாடிக்காரரு கேக்க வர்றது பாட்டத்தான்.”

“அவ்வளவுதானே? சொல்லிடறேன்.”

“எங்கூட்டுக்காரரு ஒவ்வொரு படத்துக்கும் வந்து, எங்க இருக்கா எங்க இருக்கான்னு தேடுறாரு. கண்ணு நோவுதுங்குறாரு. ஒரே ஒரு தடவ மொகம் தெரிஞ்சிட்டாப் போதும் அத்தான். அப்புறம் கை கேட்டாலும் குடுக்குறேன், காலு கேட்டாலும் குடுக்குறேன்.”

வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்ற ஆறுமுகம் என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

அந்த வாரம் முழுக்க நான் கண்ணாடி முன்னால் நின்று பயிற்சி செய்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். வசனத்தை அல்ல, முகத்தை. சினிமா மேனேஜர் வருகிறார். தாய் வேஷத்துக்கு ஆள் தேடுகிறவர் ஒரு டாக்டர் வேஷத்துக்கோ வக்கீல் வேஷத்துக்கோ ஆள் தேடமாட்டாரா? என்னிடம் கோட் வேறு இருக்கிறது. ஸ்டூடியோவுக்குப் போய்க் கோட் போட்டுக்கொண்டு, கன்னத்தில் விரல் வைத்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டேன். நாடகத்தன்று அது என் உள்பாக்கெட்டில் இருந்தது.

கடைசிக் காட்சி. மதாம் மைக்குக்குக் கீழே, தொட்டிலருகே. முன்வரிசையில் கறுப்புக் கண்ணாடிக்காரர். நான் அவர் பக்கம் முகத்தைச் சாய்த்து, பயிற்சி செய்த அந்தக் கோணத்தில் நின்றேன். கோணம் பிரமாதமாக வந்தது. வசனம் வரவில்லை. நாலில் ஒன்றுகூட வரவில்லை.

இடப் பக்கம் திரும்பினேன்.

மதாம் என்னைப் பார்த்தார். அவர் கண்ணில் நான் அதுவரை பார்க்காத ஒன்று தெரிந்தது. கெஞ்சல். ‘சொல்லிடுங்க அத்தான், சொல்லிடுங்க’ என்று உதடு அசைந்தது. நான் வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. கூட்டத்தில் ஒருவர் இருமினார். இன்னொருவர் சிரித்தார். மதாம் தொட்டிலை விட்டுவிட்டு ஓரடி முன்னால் வந்தார்.

“நீங்கள் சொல்ல வருவது எனக்குத் தெரியும் அத்தான்!”

முதல் வசனத்தைச் சொன்னார். “ஆமாம்” என்றேன். இரண்டாவது, மூன்றாவது, நாலாவது. எனக்காகக் கோபப்பட்டார், தனக்காக அழுதார், எனக்காக மன்னித்தார். மண்டபம் அதிரக் கைதட்டல். ஆனால் ஒரு சங்கடம் இருந்தது. எங்கள் நாடகங்களில் பாட்டுக்கும் படுதாவுக்கும் எழுத்தில் குறிப்பு கிடையாது, காதுதான் குறிப்பு. என் நாலாவது வசனம் முடிந்ததும் வாசிக்க வேண்டும் என்று ஆர்மோனியக்காரருக்குச் சொல்லியிருந்தது. அவர் என் குரலுக்காகக் காத்திருந்தார். என் குரலில் ‘ஆமாம்’ தவிர எதுவும் வரவேயில்லை. படுதா இழுப்பவருக்கோ, பெரிய கைதட்டல் வந்தால் நாடகம் முடிந்தது என்று கணக்கு. இழுத்துவிட்டார்.

படுதா விழுந்த பிறகு, அதற்கு உட்பக்கத்தில், மதாம் தாலாட்டின் முதல் வரிக்கு வாயைத் திறந்தபடி நின்றுகொண்டிருந்தார்.

மொசியே அந்துவான் பின்னாலிருந்து ஓடி வந்து, “படுதாவத் தூக்கு! படுதாவத் தூக்கு!” என்று கத்தினார். தூக்கினோம். ஜனங்கள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

கறுப்புக் கண்ணாடிக்காரர் என்னிடம்தான் முதலில் வந்தார். என்னைச் சுற்றி எங்கள் மேலதிகாரி, அவர் மனைவி, என் மனைவி, மாமனார்.

“என்ன சார், அந்தம்மா உங்கள ஒரு வார்த்த பேச விடலியே? எப்பவும் இப்பிடித்தானா?”

‘இல்லை சார், நான் வசனத்தை மறந்துவிட்டேன். அவர் என்னைக் காப்பாற்றினார். ஐந்து நிமிஷம் உட்காருங்கள், பாட்டைக் கேட்டுவிட்டுப் போங்கள்.’ அவ்வளவுதான் நான் சொல்ல வேண்டியிருந்தது. மேலதிகாரி என்னைப் பார்த்தார். மாமனார் பார்த்தார்.

“ஆமாம்” என்றேன். “அவங்களுக்கு அது ஒரு பழக்கம். அடுத்தவங்க வசனத்தையும் பிடுங்கிப் பேசிடுவாங்க.”

அன்று மாலை யார் உதவியும் இல்லாமல் நான் சொன்ன ஒரே வசனம் அதுதான்.

“ஐயையோ! எங்க ஹீரோயின்கிட்ட இந்த வேலையக் காட்டினா என் வேலை போயிடும்” என்று சிரித்தார் மேனேஜர். நான் போட்டோவை எடுத்து நீட்டினேன். வாங்கிக்கொண்டார். நல்ல புழுக்கம். பேசி முடித்துப் போகும்வரை என் முகத்தால் விசிறிக்கொண்டே இருந்தார்.

தாய் வேஷத்துக்கு வேறு யாரோ வந்து நடித்தார்கள். ஆனால் மதாமுக்கும் அந்தப் படத்தில் இடம் கிடைத்தது. தொட்டில் குழந்தை ஒலிப்பதிவின்போது அழ மறுத்துவிட்டதாம். எவ்வளவு கிள்ளியும் சிரித்ததாம். மதாம் அழுதுகொடுத்தார். படம் வந்தபோது தெருவோடு எங்களையும் அழைத்துப் போனார். தாய் பாடினாள், அவள் முகம் திரை முழுக்க நிறைந்தது. ஆறுமுகம் இருட்டில் முன்னால் சாய்ந்து தேடிக்கொண்டிருந்தார்.

“தேடாதீங்க” என்றார் மதாம். “நான் தொட்டில்ல இருக்கேன்.”

வரிசையே விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அடுத்த காட்சியின் இருட்டில் எழுந்து வெளியே போய்விட்டேன்.

அதற்குப் பிறகும் பல நாடகங்களில் என்னோடு நடித்தார். ஒருமுறைகூட அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நான் வசனம் மறந்தபோதெல்லாம் ஓரடி முன்னால் வந்தார். அவருக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்துக்கொள்வது சௌகரியமாக இருந்தது.

எண்பதுகளில் வீட்டுக்கு வீடு டிவி வந்தது. மொசியே அந்துவானின் கடைசி நாடகத்தைப் பார்க்க, நடித்தவர்களைவிடக் குறைவானவர்களே வந்தார்கள். நான் லாஸ்பேட்டை குவார்ட்டர்ஸுக்கு மாறி, ஸ்கூட்டர் வாங்கி, தொப்பையும் வைத்தேன். கோட் சேரவில்லை. ஒருநாள் மொசியே வந்து சொன்னார். “நம்ம மதாமுக்குத் தொண்டையில ஆபரேஷன் ஆயிருக்குப்பா. ஒரு மாசம் ஒரு வார்த்த பேசக் கூடாதாம். பேசினா, அப்புறம் பாட முடியுமான்னு டாக்டரு உறுதி சொல்லமாட்டேங்குறாரு.”

சாத்துக்குடியும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு சாரத்துக்குப் போனேன். வாசலிலேயே ஆறுமுகம் உதட்டில் விரல் வைத்தார். உள்ளே கட்டிலில் மதாம், மடியில் ஒரு சிலேட்டு. கழுத்தில் கட்டு. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, கை நெஞ்சுக்குப் போனது.

அந்த வீட்டில் அதிசயம் ஒன்று நடந்திருந்தது. ஆறுமுகம் பேசினார். இத்தனை வருஷம் சேர்த்து வைத்ததையெல்லாம் பேசினார்.

“வாங்க சார். ஒக்காருங்க. காப்பி சாப்புடுறீங்களான்னு கேக்குறா.”

மதாம் இல்லை என்று தலையசைத்து, சிலேட்டில் எழுதிக் காட்டினார். ‘ஹார்லிக்ஸ் சின்ன பாட்டிலா?’

“உங்க வூட்டம்மா சௌக்கியமான்னு கேக்குறா” என்றார் ஆறுமுகம்.

மதாம் சிலேட்டால் அவர் தோளில் ஒன்று போட்டார்.

சிரித்துக்கொண்டிருக்கும்போதே சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். வழியெல்லாம் ஸ்கூட்டரில் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக மனப்பாடம் செய்த வசனம்.

“மதாம், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு, அந்த நாடகத்தன்னிக்கு...”

நின்றுவிட்டது. சுத்தமாக நின்றுவிட்டது. ஆறுமுகம் என்னைப் பார்த்தார். நான் மதாமைப் பார்த்தேன். அவர் என் கண்ணைப் பார்த்தார். முழி மாறுவதைக் கண்டுகொண்டார். உடம்பு ஓரங்குலம் முன்னால் வந்தது.

ஆறுமுகத்துக்கு அந்த அசைவு தெரியும். “வேணாம்... ஏய், வேணாம்! டாக்டரு சொன்னாருல்ல!”

“நீங்க சொல்ல வர்றது எனக்குத் தெரியும் அத்தான்.”

குரல் என்று சொல்ல முடியாது. பழைய துணியைக் கிழிப்பதுபோல் ஒரு சத்தம். நான், “பேசாதீங்க, பேசாதீங்க” என்று கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் என்றைக்கு வசனத்தைப் பாதியில் விட்டிருக்கிறார்?

“‘கண்ணாடிக்காரரு கேட்டப்ப, நான்தான் மறந்துட்டேன்னு சொல்லியிருக்கணும். ஒம்மேல பழியப் போட்டுட்டேன். மன்னிச்சிரு’ன்னு. அதான?”

“ஆமாம்” என்றேன்.

நான் மனப்பாடம் செய்துகொண்டு போனதைவிட அது நன்றாக இருந்தது. என்னுடையதில் ‘சூழ்நிலை காரணமாக’ என்று ஒரு சொல் இருந்தது. அவர் அதை எடுத்துவிட்டார்.

ஆறுமுகம் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் அழுதேன் என்றுதான் நினைக்கிறேன். மதாம் சிலேட்டைத் துடைத்து எழுதினார். ‘மறுநாளே கண்ணாடிக்காரர் தங்கின லாட்ஜுக்குப் போய்க் கேட்டேன். அவர் சொன்னார்.’

“தெரிஞ்சுமா அப்புறம் அத்தன நாடகத்துல என்னைக் காப்பாத்தினீங்க?”

கொஞ்சம் யோசித்து எழுதினார். ‘மேடையில ஆள் முழிச்சா பாத்துட்டு நிக்க முடியல.’ அதைத் துடைத்துவிட்டு இன்னொன்று எழுதினார். ‘இப்ப அழுதது நல்லா இருந்துது. அப்பவே இப்படி நடிச்சிருக்கலாம்.’

கட்டு பிரித்த பிறகு மதாமுக்குப் பேச்சு வந்தது. மேல் ஸ்தாயி வரவில்லை. அந்த ஒரு வசனத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் சத்தியம் செய்தார். ஆறுமுகம் ஒத்துக்கொள்ளவில்லை. நானும் ஒத்துக்கொள்ளவில்லை. மதாம் மட்டும், “இப்பத்தான் அத்தான் ராஜபார்ட்டுக்கு ஏத்த குரல் வந்திருக்கு” என்று சொல்லிவிட்டு, மாதா கோயில் திருநாளில் ஆண் குரல் பாட்டுகளாகப் பாடிக்கொண்டிருந்தார்.

கடைசிவரை எந்தப் படத்திலும் அவர் முகம் வரவில்லை. எல்லாவற்றுக்கும் நான்தான் காரணம் என்று சொன்னால் அதுவும் ஒரு பெருமையடிப்பாகிவிடும். ஒரு படத்துக்குக் காரணம் நான்.

இப்போது எனக்கு வயதாகிவிட்டது. கல்யாண வீடுகளில், வங்கியில், பேரப்பிள்ளைகளிடம், பேசிக்கொண்டிருக்கும்போதே சொல் நழுவி நின்றுவிடுகிறேன். எதிரில் இருப்பவர்கள் பொறுமையாகக் காத்திருக்கிறார்கள். நான் இடப் பக்கம் திரும்பிப் பார்க்கிறேன்.